திறக்கக் கூடாத பெட்டியைத் திறந்தவர்கள்



மின்விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் எலக்ட்ரீஷியன் வந்து, நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். "கண்டன்சர் போயிடுச்சு சார்." ஐந்து நிமிட வேலை, விசிறி பழையபடி ஓடும். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சின்ன உதிரிதான் கணினி வரலாற்றின் மிகப் புகழ்பெற்ற பெட்டி ஒன்றை இன்று உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பெட்டியின் பெயர் மேக்கின்டாஷ். அது எப்படிப் பிறந்தது என்று எழுதியவர்கள் நிறைய. எப்படிப் பழுதாகிறது, யார் எப்படி அதைச் சரிசெய்தார்கள் என்ற கதையை இந்த இதழில் உங்களுக்குச் சொல்கிறேன். என்னைக் கேட்டால், பிறந்த கதையைவிட இதுதான் சுவாரசியம்.

1984 ஜனவரி 24 அன்று அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஆப்பிள் நிறுவனம் இதை வெளியிட்டது. விலை 2,495 டாலர். பழைய சின்ன டி.வி. அளவுக்கு ஒரே பெட்டி. அதற்குள்ளேயே 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, ஃபிளாப்பி டிரைவ், மின்சாரப் பகுதி எல்லாம் அடக்கம். தூக்கிக்கொண்டு போக மேலே ஒரு கைப்பிடிக் குழி. நினைவகம் 128 கிலோபைட். காலையில் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரும் 'இனிய காலை வணக்கம்' படம் ஒன்றையே அது தாங்குமா என்பது சந்தேகம்.

இதே நிறுவனம் 1977-இல் கொண்டுவந்த ஆப்பிள் II நேர்மாறான குணம் கொண்டது. அதன் மூடியைக் கையாலேயே தூக்கிவிடலாம், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். உள்ளே எட்டு ஸ்லாட்டுகள், நீங்கள் விரும்பிய கார்டைச் செருகிக்கொள்ளலாம். 1978-இல் வந்த அதன் கையேட்டில் சர்க்யூட் வரைபடமே அச்சாகியிருந்தது. வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக்கின் மனப்பான்மை அது: வாங்கியவர் திறந்து பார்க்கட்டும், நோண்டட்டும். ஸ்டீவ் ஜாப்ஸின் எண்ணம் வேறு. மிக்ஸியையோ டோஸ்டரையோ யாரும் திறந்து பார்ப்பதில்லை, கணினியும் அப்படியே இருக்கட்டும் என்பது அவர் கட்சி. அதனால் மேக்கின்டாஷில் ஸ்லாட் இல்லை, நினைவகத்தைக் கூட்ட வழி இல்லை, சாதாரண ஸ்க்ரூடிரைவருக்கும் இடமில்லை.

பெட்டியை மூடி வைத்திருந்தவை ஐந்து ஸ்க்ரூக்கள். தலையில் நட்சத்திர வடிவக் குழி கொண்ட டார்க்ஸ் வகை, அளவு டி-15. அவற்றில் இரண்டு, கைப்பிடிக் குழிக்குள் ஆழமாகப் போய் உட்கார்ந்திருக்கும். ஒரு ஜாண் நீளத்துக்குக் குறையாத தண்டு இருந்தால்தான் எட்டும். கீழே இரண்டு. ஐந்தாவது, பின்பக்கம் பேட்டரி மூடிக்கு அடியில் ஒளிந்திருக்கும். நான்கைக் கழற்றிவிட்டு ஐந்தாவதை அறியாமல் பெட்டியை இழுத்து விளிம்பை உடைத்தவர்கள் பல பேர். ஸ்க்ரூ எல்லாம் கழன்ற பிறகும் இரண்டு பாதிகளும் இறுக்கமாகக் கவ்விக்கொண்டிருக்கும். அவற்றை விலக்குவதற்கென்றே தனிக் கருவி விற்றார்கள்.

இவ்வளவு பாடுபட்டுத் திறப்பவருக்கு உள்ளே ஒரு பரிசு இருக்கிறது. பின்பக்க உறையின் உட்புறத்தில் அதை உருவாக்கிய குழுவினரின் கையெழுத்துகள் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டிருக்கும். 1982-இல் ஒரு பெரிய தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு அதை அச்சு வார்ப்பில் சேர்த்தார்கள். வாங்கியவர் ஒருபோதும் பார்க்கக் கூடாத இடத்தில் போட்ட கையெழுத்து. முதலில் பார்த்தவர்கள் ரிப்பேர்காரர்கள்தான்.

நினைவக விஷயத்தில் குழுவுக்குள்ளேயே ஒரு சின்ன 'கள்ளத்தனம்' நடந்தது. லாஜிக் போர்டை வடிவமைத்தவர் பர்ரல் ஸ்மித். 128 கிலோபைட் போதாது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஆகவே பெரிய சிப்புகள் வந்தால் 512 கிலோபைட்டுக்கு மாற்றும்படி போர்டில் முன்கூட்டியே இடம் விட்டுவைத்தார். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே ஆப்பிள் 512 கிலோபைட் மாடலை விற்கத் தொடங்கியது. பழையதை வைத்திருந்தவர்களுக்கு நிறுவனம் காட்டிய வழி, போர்டையே மாற்றிக்கொள்வது. ஆனால் 1985 ஜனவரியில் 'டாக்டர் டாப்ஸ் ஜர்னல்' என்ற கணினி இதழ் வீட்டிலேயே அதைச் செய்யும் முறையை அச்சிட்டுவிட்டது. பதினாறு சிப்புகளைக் கழற்றிப் பெரியவற்றை வைக்க வேண்டும், கூட ஒரு சிறு ஐ.சி.யும் சில்லறை உதிரிகளும் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பற்றவைக்கும் கோலைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் பெட்டியைத் திறக்கத் தொடங்கினார்கள். அதன் பிறகு அந்தப் பெட்டி மூடிய பெட்டியாகவே இல்லை.

பழுதுக்கு வருவோம். அதன் முக்கியக் காரணம் ஒரு பிடிவாதம். விசிறிச் சத்தம் கேட்கக் கூடாது என்பதில் ஜாப்ஸ் உறுதியாக இருந்தார். ஆகவே மேக்கின்டாஷிலும் அடுத்து வந்த 512 மாடலிலும், 1986 ஜனவரியில் வந்த பிளஸ் மாடலிலும் விசிறியே கிடையாது. சூடான காற்று தானாக மேலேறி உறையின் மேல் துளைகள் வழியாகப் போய்விடும் என்பது கணக்கு. ஓரளவு போகத்தான் செய்தது. ஆனால் திரையைப் பார்த்து உட்கார்ந்தால் இடப்பக்கமாக நெட்டுக்குத்தலாக நிற்கும் 'அனலாக் போர்டு' அந்தச் சூட்டிலேயே ஆண்டுக்கணக்கில் வெந்தது. மின்சாரத்தை மாற்றித் தருவதும், பிக்சர் டியூபை இயக்குவதும் இந்த ஒரே போர்டின் வேலை. போட்டால் சூடு, அணைத்தால் குளிர்ச்சி என்று தினமும் விரிந்து சுருங்கினால் ஈயப் பற்றுகளில் மயிரிழை விரிசல் விழும். பழைய டி.வி. மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்பார்களே, அதேதான்.

அறிகுறியும் நம் பழைய டி.வி.யின் அறிகுறிதான். படம் திடீரென்று சுருங்கி நெட்டுக்கோடு ஒன்று மட்டும் பளிச்சென்று நிற்கும். பெட்டியின் இடப்பக்கத்தில் லேசாக ஒரு தட்டு தட்டினால் படம் திரும்பிவிடும். அன்றைய தூர்தர்ஷன் காலத்தில் டி.வி. தலையில் தட்டாத வீடு நம்மில் எத்தனை? தட்டினால் சரியாகிறது என்றால் உள்ளே ஒரு பற்று விட்டிருக்கிறது என்று பொருள். அந்த இணைப்புகளைச் சூடாக்கிப் புதிதாக ஈயம் வைத்தால் பெரும்பாலும் பிரச்சினை தீர்ந்துவிடும். தட்டியே காலம் தள்ளினால் ஒருநாள் எல்.ஓ.டி. என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் உயர் அழுத்த டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போய்விடும்.

சூட்டைத் தணிக்க வெளியார் செய்த வைத்தியங்கள் வேடிக்கையானவை. கைப்பிடிக் குழியில் பொருத்தும் விசிறியை கென்சிங்டன் நிறுவனம் விற்றது. இன்னொருவர் தலைமேல் வைக்க அட்டையால் ஆன புகைபோக்கி ஒன்றையே 'மேக் சிம்னி' என்ற பெயரில் விற்றார். கேலியாகத் தோன்றினாலும் இயற்பியல் சரிதான், உயரமான குழாய் காற்றை வேகமாக இழுக்கும். ஜாப்ஸ் 1985 செப்டம்பரில் நிறுவனத்தை விட்டு விலகினார். 1987-இல் வந்த எஸ்.இ. மாடலில் விசிறி இருந்தது. விசிறியில்லாத பிளஸ் மாடலோ 1990 வரை விற்பனையில் இருந்தது. அமைதியான கணினி என்ற ஆசையில் தவறில்லை. அதன் செலவை வாங்கியவர்கள் தலையில் கட்டியதுதான் தவறு என்பது என் கருத்து.

இப்போது, நோயாளியை எப்படிச் சோதிப்பது? நாடி பார்ப்பது போல ஒரு வரிசை இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டதும் 'பீப்' ஒலி கேட்டு, திரை மட்டும் இருட்டாக இருந்தால் மூளையான லாஜிக் போர்டு உயிரோடு இருக்கிறது, கோளாறு அனலாக் போர்டில் அல்லது டியூபில். ஒலியே இல்லாமல் 'ஃப்ளப் ஃப்ளப்' என்று புறா சிறகடிப்பது போலச் சத்தம் வந்தால் மின்சாரப் பகுதி கிளம்ப முயன்று முயன்று தோற்கிறது, எங்கோ ஷார்ட் அல்லது அளவுக்கு மீறிய சுமை. திரை வந்து, அடிக்கடி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கினால் மல்டிமீட்டரை எடுக்க வேண்டும். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.7 மட்டும் வந்தால் போதும், இந்தத் தடுமாற்றம் வந்துவிடும். அதைச் சரிசெய்ய அனலாக் போர்டிலேயே ஒரு திருகு இருக்கிறது.

திரையில் சிரிக்கும் குட்டிக் கணினி முகம் வந்தால் எல்லாம் நலம். கேள்விக்குறி போட்ட ஃபிளாப்பி மின்னினால், தொடங்குவதற்கான டிஸ்க் கிடைக்கவில்லை என்று பொருள். கண்களுக்குப் பதில் பெருக்கல் குறி போட்ட சோக முகம் வந்தால்தான் கலக்கம். இந்த முகங்களையெல்லாம் வரைந்தவர் சூசன் கேர் என்ற ஓவியர். சோக முகத்துக்கு அடியில் ஆறு இலக்கக் குறியீடு ஒன்று இருக்கும். அதைப் பயந்துகொண்டு அணைத்துவிடாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. முதல் இரண்டு இலக்கம் 01 என்றால் ரோம் சிப். 02 முதல் 05 வரை என்றால் நினைவகம். 0எஃப் என்றால் பெரும்பாலும் மென்பொருள் கோளாறு, வேறு டிஸ்க் போட்டுப் பார்க்கலாம். நினைவகக் கோளாறில் மீதி நான்கு இலக்கங்கள், முதல் மாடலின் பதினாறு சிப்புகளில் எது செத்தது என்பதையே காட்டிக்கொடுக்கும். திறக்கவே கூடாது என்று விற்ற பெட்டிக்குள், திறப்பவருக்காக இவ்வளவு தெளிவான குறிப்பு எழுதிவைத்தவர்களும் அதே குழுவினர்தான்!

ஆப்பிளின் சேவை மையங்களில் அப்போது போர்டை முழுதாக மாற்றுவதே வழக்கம். இரண்டு ரூபாய் உதிரி போனாலும் முழுப் போர்டின் விலை. இந்த நிலைமையை மாற்றியவர்களில் லேரி பீனா என்பவர் முக்கியமானவர். 1992-இல் அவர் எழுதிய 'த டெட் மேக் ஸ்க்ரோல்ஸ்' என்ற புத்தகம், இந்த அறிகுறிக்கு இந்த உதிரி என்று மருந்துச் சீட்டு போலவே எழுதப்பட்டது. சாக்கடல் சுருள்களின் பெயரைக் கேலியாகத் திருப்பிப்போட்ட தலைப்பு. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் பழைய மேக் வைத்திருப்பவர்கள் இன்னும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. பிக்சர் டியூப் உள்ள எந்தக் கருவியையும் அனுபவமில்லாமல் திறக்காதீர்கள். டியூபுக்குப் போவது பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேல். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் அந்த மின்னூட்டத்தைச் சில நேரம் பிடித்துவைத்திருக்கும். அதை முறையாக இறக்கத் தெரிந்தவர்தான் கை வைக்க வேண்டும். டியூபுக்கும் ஆபத்து உண்டு. அதன் கழுத்துப் பகுதிக் கண்ணாடி விரல் பருமனுக்குத்தான் இருக்கும். அதில் செருகியுள்ள சின்ன போர்டைக் கோணலாக இழுத்தால் கழுத்து முறிந்து காற்று உள்ளே புகுந்துவிடும். அதோடு கதை முடிந்தது, அந்த 9 அங்குல டியூபை இன்று புதிதாகச் செய்பவர் யாருமில்லை.

இதுவரை சொன்னவை பயன்படுத்தியதால் வந்த பழுதுகள். இனிச் சொல்லப்போவது பயன்படுத்தாமல் வைத்ததால் வருவது.

1989 ஜனவரியில் வந்த எஸ்.இ/30, இந்த வரிசையிலேயே ஆகச் சிறந்த மாடல் என்று சேகரிப்பவர்கள் பலரும் சொல்வார்கள். அதன் லாஜிக் போர்டில் சின்னச் சின்ன அலுமினியக் குவளைகள் போல எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் நிற்கின்றன. அவற்றுக்குள் மின்னைக் கடத்தும் திரவம் உண்டு. ஆண்டுகள் போகப் போக ரப்பர் அடைப்பு விட்டு, திரவம் போர்டின் மேல் கசிந்தது. முதலில் ஒலி மெலியும், பிறகு ஒலியே நிற்கும். கடைசியில் திரை முழுவதும் கோடு கோடாக வரும். ஜப்பானிய ரசிகர்கள் இதற்கு 'சிமாசிமேக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர்கள் மொழியில் சிமா என்றால் கோடு. 1990 அக்டோபரில் 999 டாலருக்கு வந்த மலிவு மாடலான கிளாசிக்கில் இதே நோய் சதுரங்கக் கட்டம் போலத் தெரியும். வைத்தியம் இதுதான்: போர்டை நன்றாகக் கழுவி, உலர்த்தி, கண்டன்சர்களை மொத்தமாக மாற்றி, அரித்துப்போன செம்புத் தடங்களுக்குப் பதில் மெல்லிய கம்பி இழுப்பது. ஆமாம், கழுவுவதுதான். சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்க்கிறார்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுபவர்கள்கூட உண்டு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிறகு முழுதாகக் காயவைத்தால் போர்டுக்கு ஒன்றும் ஆகாது.

பேட்டரி என்றேன் அல்லவா? கொலைகாரன் அதுதான். கடிகாரமும் சில அமைப்புகளும் நினைவில் நிற்க, எஸ்.இ/30-லும் கிளாசிக்கிலும் லாஜிக் போர்டின் மேலேயே ஒரு லித்தியம் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது. 3.6 வோல்ட், பென்சில் செல்லில் பாதி உயரம். பழையதானதும் அது சில பெட்டிகளில் வெடித்துக் கசிந்து போர்டு, உலோகச் சட்டம் எல்லாவற்றையும் துருவாக்கிவிட்டது. திறந்தால் கடலடியில் கிடந்த கப்பலின் துண்டு போல இருக்கும். இதில் கவனிக்க வேண்டிய முரண் ஒன்று உண்டு. 'திறக்காதே' என்று சொன்ன 1984 மாடலில் பேட்டரிக்கு மட்டும் பின்பக்கம் வெளியிலிருந்தே திறக்கும் தனி மூடி இருந்தது. யார் வேண்டுமானாலும் விரலால் திறந்து மாற்றலாம். அது கசிந்தாலும் அந்தச் சின்ன அறைதான் பாழாகும், லாஜிக் போர்டு தப்பிக்கும். விசிறி விஷயத்தில் ஜாப்ஸ் காலத்து வடிவமைப்பைக் குறை சொன்னேன். இந்த மூடிக்காக அதைப் பாராட்டத்தான் வேண்டும். பின்னால் வந்தவர்கள் பேட்டரியை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள், அதனால் புதிய மாடல்கள் பழையவற்றுக்கு முன்பே செத்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் பரணில் மேக் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் பழைய ரேடியோ, கால்குலேட்டர், பொம்மை, கார்ட்லெஸ் போன், கேமரா நிச்சயம் இருக்கும். அடுத்த முறை பரணைச் சுத்தம் செய்யும்போது பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். எடுத்தவற்றைச் சமையலறைக் குப்பையோடு சேர்க்காமல் மின்கழிவாகத் தனியே கொடுங்கள்.

ஃபிளாப்பி டிரைவ் பற்றியும் இரண்டு வார்த்தை. ஆப்பிள் தானே செய்த டிரைவ் சரியாக வேலை செய்யவில்லை. சோனியின் மூன்றரை அங்குல டிரைவை எடுத்துக்கொள்ள ஜாப்ஸுக்கு அப்போது மனமில்லை. குழுவிலிருந்த ஜார்ஜ் க்ரோ முதலியோர் அவருக்குத் தெரியாமலே சோனிப் பொறியாளரோடு பேசிவந்தார்கள். ஒருநாள் ஜாப்ஸ் எதிர்பாராமல் வந்துவிட, அந்த ஜப்பானியப் பொறியாளரைத் துடைப்பம் வைக்கும் அறைக்குள் ஒளியவைத்ததாகக் குழுவினரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் மேக்கைக் காப்பாற்றியது அந்தச் சோனி டிரைவ்தான். அதில் தடவிய கிரீஸ் இப்போது மெழுகாக இறுகிவிட்டது. டிஸ்க் உள்ளே போகும், வெளியே வராது. வலுவாக இழுத்தால் படிக்கும் முனை பிய்ந்துவிடும். டிரைவைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்து, புதியதை மெல்லத் தடவினால் சரியாகிவிடும். இந்த வேலைக்கு ஒரு அவசரம் உண்டு. அந்த டிரைவ் டிஸ்கின் உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றிப் படிக்கும். அதனால் சாதாரண பி.சி. டிரைவ்கள் அந்த 400, 800 கிலோபைட் டிஸ்குகளைப் படிக்காது. ஒருவரின் ஆய்வேடோ, இறந்துபோன தந்தையின் கடிதங்களோ அதில் இருந்தால், அந்த வகை டிரைவோ அதற்கென்றே செய்த தனிக் கருவியோ கிடைக்கும் வரை அவை பூட்டித்தான் கிடக்கும்.

ஹார்ட் டிஸ்குகளின் நிலைமை இன்னும் மோசம். குவாண்டம் நிறுவனத்தின் அக்காலத்து டிஸ்குகளில் முனையைத் தாங்கும் ரப்பர் துண்டு பிசின் போல உருகி, முனை ஒட்டிக்கொள்கிறது. அவற்றுக்குப் பதிலாக மெமரி கார்டையே ஹார்ட் டிஸ்க் என்று மேக்கை நம்பவைக்கும் 'ப்ளூஸ்கஸி' என்ற சின்ன போர்டை ஆர்வலர்கள் வடிவமைத்து, வரைபடத்தையும் எல்லோருக்கும் திறந்துவைத்திருக்கிறார்கள். மஞ்சளாகிப் போன உறையை ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைத்து வெளுக்கவைப்போரும் உண்டு. எனக்கு மஞ்சளே பிடித்திருக்கிறது.

பேட்டரி தின்று முடித்த எஸ்.இ/30-களையும் இப்போது கைவிடுவதில்லை. ஆர்வலர்கள் அந்த லாஜிக் போர்டை அடுக்கு அடுக்காக ஆராய்ந்து, வெற்றுப் போர்டைப் புதிதாக அச்சிட்டுவிட்டார்கள். ஆப்பிளுக்கென்றே செய்யப்பட்ட சில சிப்புகள் மட்டும் இன்று எங்கும் கிடைக்காது. ஆகவே துருப்பிடித்த பழைய போர்டிலிருந்து அந்தச் சிப்புகளைச் சூடான காற்றால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து, கால்களைச் சுத்தம் செய்து, புதிய போர்டில் பற்றவைக்கிறார்கள். பொறுமையாக உட்கார வேண்டிய வேலை, பல மாலைகள் பிடிக்கும். முடித்ததும் கண்டன்சர்களைப் புதிதாக வைக்கிறார்கள், இந்த முறை திரவம் இல்லாத வகை. பேட்டரியை மட்டும் போர்டிலிருந்து தள்ளி, ஒயர் இழுத்துத் தனியே வைத்துவிடுகிறார்கள்.